பழைய கட்டடப் படத்தில் எது தேர்வு, எது கட்டாயம்?

கேட்டவர் சொன்னதை மற்றவர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். 1850-களில் எடுத்த ஒரு தேவாலய முகப்பின் படத்தைப் பற்றி வகுப்புக்குக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆளற்ற சதுக்கம் தனிமையைச் சொல்கிறது. வெறும் வெள்ளையாக விட்ட வானம் கட்டடத்தைக் காலத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. முன்னால் கிடக்கும் அகலமான காலித் தரை பார்ப்பவரை மரியாதையான தூரத்தில் நிற்க வைக்கிறது. இப்படி மூன்று வாதங்கள். திருத்தியவர் ஓரத்தில் "இது எடுத்தவர் செய்ததா, கருவி செய்ததா?" என்று ஒரே வரி எழுதிவிட்டார். பழைய கட்டடப் படங்களில் ஒளியையும் காட்சியமைப்பையும் அலசுவது எப்படி என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு வேண்டியது இதுதான்: படத்தில் தெரிவதில் எது தேர்வு, எது கட்டாயம், இரண்டையும் பிரித்தெடுக்க வழி உண்டா?

உண்டு. கழித்தல் கணக்குதான். அந்தக் கால ரசாயனத்தால் எது முடியாது, லென்ஸால் எது முடியாது, கேமராப் பெட்டியால் எது முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவது எடுத்தவருடையது. கொஞ்சம்தான் மிஞ்சும், ஆனால் அதன் மேல் எழுதும் வரி சுலபத்தில் ஆட்டம் காணாது. உங்கள் மூன்று வாதங்களில் இரண்டு இந்தக் கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மூன்றாவது பாதி தப்பிக்கும், அதுவும் நீங்கள் நினைக்காத காரணத்துக்காக.

அலசத் தொடங்கும் முன் கையில் இருக்கும் பொருள் என்ன என்று பாருங்கள். திரையில் தெரியும் ஸ்கேனுக்கு அளவு கிடையாது, பிரின்ட்டுக்கு உண்டு. காப்பகத்தின் விவரக் குறிப்பில் சென்டிமீட்டர் அளவு இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் பெரும்பாலும் நெகட்டிவைத் தாளின் மேல் நேரடியாக வைத்து வெயிலில் காட்டித்தான் பிரின்ட் எடுத்தார்கள். பெரிதாக்குவது அபூர்வம். ஆகவே பிரின்ட் அளவு என்பது நெகட்டிவ் அளவு, அல்லது அதிலிருந்து ஓரம் வெட்டியது. ஓரம் வெட்டப்பட்டிருந்தால் படத்தின் நடுப்புள்ளி லென்ஸின் நடுப்புள்ளியாக இராது. பின்னால் வரும் கணக்கெல்லாம் இதைப் பொறுத்தது. படம் டகேரியோடைப் (நெகட்டிவ் இல்லாமல் வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் நேரடியாகப் பதியும் படம்) என்றால் இன்னொரு தொல்லை: கண்ணாடியோ பட்டகமோ வைத்து எடுக்காவிட்டால் அது இடவலம் மாறித்தான் இருக்கும். கடைப் பலகை எழுத்தை வைத்துச் சரிபார்க்காமல் "காலை ஒளி இடமிருந்து வருகிறது" என்று எழுதினால் மொத்த வாதமும் தலைகீழாகும். மெழுகு ஊட்டிய தாள் நெகட்டிவையும் பின்பக்கமாகத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட முடியும். கூர்மை கொஞ்சம் குறையும், வேறு அடையாளம் தெரியாது.

பிரின்ட்டின் வயதும் ஒளியைப் பற்றிப் பொய் சொல்லும். முட்டை வெண்கரு பூசிய அல்புமன் தாளில் மங்கல் முதலில் தெரிவது வெளிச்சப் பகுதிகளில்தான். வெயில் பட்ட சுவரில் இருந்த நுண்ணிய கல் இணைப்புகள் மறைந்து, சுவர் மஞ்சள் பூத்த ஒரே பரப்பாகிவிடும். அதைப் பார்த்து "கண் கூசும் ஒளியைத் தேர்ந்திருக்கிறார்" என்று எழுதிவிடக் கூடாது. நெகட்டிவின் ஆண்டும் பிரின்ட்டின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்றி லெ செக் 1850-களில் எடுத்த தன் பழைய நெகட்டிவ்களைப் பல ஆண்டுகள் கழித்து நீல நிற சயனோடைப்பாக மறுபடி பிரின்ட் செய்தார். அந்த நீலத்தை எடுத்த அன்றைய மனநிலையோடு சேர்த்து வாசித்தால் தவறு.

இனி ரசாயனம். ஆரம்பகால வெள்ளி உப்புகள் நீலம், ஊதா, புற ஊதா ஆகியவற்றுக்கு மட்டுமே கூசும், அதாவது அந்த ஒளியை மட்டுமே உணரும். பச்சைக்கு மிகக் குறைவு, சிவப்புக்கு அநேகமாக இல்லை. 1873-ல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் சாயம் சேர்த்தால் பச்சை, மஞ்சள் பக்கமும் கூச வைக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. எல்லா நிறத்துக்கும் கூசும் தகடு (ரசாயனம் பூசிய கண்ணாடி) கடைக்கு வந்தது 1906-ல். ஆக, 1850-களின் படத்தில் வானம் வெள்ளையாக இருப்பது எடுத்தவரின் கருத்து அல்ல. நீல வானமும் வெண்மேகமும் தகட்டுக்கு ஒன்றுதான். கட்டடத்துக்குப் போதுமான எக்ஸ்போஷர் (தகட்டில் ஒளி படவிடும் நேரம்) கொடுத்தால் வானம் அளவுக்கு மீறி வாங்கிவிடும். சிவப்புச் செங்கல் கறுத்து விழும், இலைகள் கருந்திட்டாகும், நீலச் சாயம் பூசிய ஜன்னல் கதவு வெள்ளையாகத் தெரியும். "இருண்ட கோபுரம், பிரகாசமான வீடு" என்ற முரண் உண்மையில் செங்கல்லும் வெண்சாந்தும் மட்டுமாக இருக்கலாம். கட்டடம் இன்றும் நிற்கிறதென்றால் அதன் கல் என்ன நிறம் என்று ஒரு வண்ணப் படத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதே நீலக் கூச்சத்துக்கு இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒன்று, தூரம். காற்றில் சிதறும் ஒளி நீலமானது என்பதால் தொலைவில் உள்ளவை கண்ணுக்குத் தெரிவதைவிட மிகவும் வெளிறித் தகட்டில் பதியும். முன்னால் அழுத்தமான தூண், பின்னால் பனிபோல் கரையும் ஊர் என்ற அழகான ஆழம் பாதி இலவசமாகக் கிடைத்தது. இரண்டாவது, நிழல். திறந்த வெளியில் விழும் நிழலுக்கு ஒளி கொடுப்பது நீல வானம். ஆகவே அந்த நிழல்கள் தகட்டில் எதிர்பார்ப்பதைவிடத் திறந்தே இருக்கும். வானம் எட்டாத ஆழமான வாசல் வளைவுக்குள் கல்லில் பட்டுத் திரும்பிய மஞ்சள் ஒளி மட்டும் இருப்பதால் அங்கே நிழல் கரியாக விழும். ஒரே படத்தில் வெளி நிழல் மென்மையாகவும் வாசல் கும்மிருட்டாகவும் இருந்தால், "உள்ளே இருக்கும் மர்மம்" என்று எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்து நேரம். ஆளற்ற சதுக்கத்தை இங்கேதான் கழிக்க வேண்டும். நடப்பவர் ஒரு நொடிக்குள் தன் உடல் அகலத்தைக் கடந்துவிடுவார். எக்ஸ்போஷர் பத்து நொடி என்றாலே அவர் தகட்டில் பதிய மாட்டார். 1838-ல் டகேரியோடைப்பை உருவாக்கிய டகேர் எடுத்த பாரிஸ் புல்வார் து தாம்ப்ளே படம் எல்லோருக்கும் தெரிந்ததே. பரபரப்பான தெருவில் மிஞ்சியவர்கள் செருப்புக்கு மெருகேற்ற நின்றவரும் மெருகேற்றியவரும்தான். அந்தப் படத்தைத் தனிமை என்று வாசிப்பது சரியாக இருக்காது. ஆனால் எக்ஸ்போஷர் எவ்வளவு நேரம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, படத்திலேயே கணக்கிடலாம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சூரியன் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது, 10 நிமிடத்துக்கு 2.5 பாகை. ஒரு கூரை விளிம்பின் நிழல் 5 மீட்டர் தள்ளிச் சுவரில் விழுகிறதென்றால் அந்த 10 நிமிடத்தில் நிழல் ஓரம் ஏறக்குறைய 22 செ.மீ. நகரும். சூரியனே அரைப் பாகை அகலமான வட்டு என்பதால் எந்த நிழலுக்கும் இயல்பான ஒரு மங்கல் ஓரம் உண்டு. 5 மீட்டர் தூரத்துக்கு அது சுமார் நாலரை செ.மீ. ஆக மங்கல் ஓரம் நாலரை செ.மீ. அளவில் இருந்தால் எக்ஸ்போஷர் நொடிக்கணக்கு, மிஞ்சினால் ஒரு நிமிடம். 20 செ.மீ. தாண்டினால், இயல்பான நாலரையைக் கழித்தாலும் ஏழு நிமிடத்துக்குக் குறையாது. கற்களின் வரிசை உயரத்தையோ கதவின் உயரத்தையோ அளவுகோலாக வைத்து ஸ்கேனில் அளக்கலாம். நிழல் சாய்ந்து விழுந்தால் இரண்டு மங்கலும் சேர்ந்தே நீளும், விகிதம் கெடாது. ஒரு எச்சரிக்கை: நிழல் ஓரம் சூரியன் நகரும் திசையிலேயே நீண்டு கிடந்தால் நகர்வு தெரியாது. அதனால் இந்தக் கணக்கு குறைந்தபட்ச நேரத்தைத்தான் தரும். தூண் தலைப்பின் கீழ் விழும் குட்டி நிழலை எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தூரம் குறைவு, மங்கல் தெரியாது. கோபுர நிழல் தரையில் விழும் இடமே சரி. ஒருவகையில் இந்தக் கணக்கின் எல்லைக் கோடு, ஒளிப்பட முன்னோடி நியெப்ஸ் 1826 அல்லது 1827-ல் லெ கிராவில் தன் ஜன்னலிலிருந்து எடுத்த படம். வெளிச்சம் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் பதிந்திருக்கிறது, அதாவது சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்வரை தகடு திறந்திருந்தது.

மணிக்கூண்டு இருந்தால் அதிர்ஷ்டம். தாள் நெகட்டிவ் முறையை உருவாக்கிய டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தன் படநூலில், படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் தொலைவிலுள்ள மணிக்கூண்டு எடுத்த நேரத்தைச் சொல்லிவிடும் என்று எழுதியிருக்கிறார். நாம் இன்னும் ஒருபடி போகலாம். சின்ன முள் தெளிவாகவும் பெரிய முள் காணாமலும் இருந்தால் பல நிமிட எக்ஸ்போஷர். பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை நகரும். இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. காற்று அடித்தாலோ வண்டி குறுக்கே வந்தாலோ லென்ஸ் மூடியை மாட்டிவிட்டு, அடங்கியதும் மறுபடி கழற்றி மீதி நேரத்தைக் கொடுப்பார்கள். அப்போது முள் இரண்டு இடத்தில் லேசாகப் பதிந்திருக்கலாம்.

இங்கே தேர்வு எங்கே வருகிறது என்றால், நிற்கிற ஆளில். எக்ஸ்போஷர் ஐந்து நிமிடம் என்று தெரிந்த ஒரு படத்தில் வாசற்படியில் ஒருவர் துலக்கமாக நிற்கிறார் என்றால் அவரை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்த வெளிச்சத்தில் நிற்கிறார், கட்டடத்தின் எந்த உறுப்புக்கு அளவுகோலாக நிற்கிறார் என்பதெல்லாம் எடுத்தவருடைய முடிவு. இதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம்.

காலித் தரைக்கு வருகிறேன். இதற்குக் கேமராவின் வடிவியல் தெரிய வேண்டும். கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகச் சாயாமல் இருக்க வேண்டுமென்றால் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும், கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்கக் கூடாது. அப்படி மட்டமாக வைத்தால் அடிவானக் கோடு தகட்டின் நடுவில் விழும். எண்களோடு பாருங்கள்: தகட்டின் உயரம் 30 செ.மீ., லென்ஸின் குவிய தூரம் 40 செ.மீ., கட்டடத்திலிருந்து 30 மீட்டரில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கேமரா. நடுக்கோட்டுக்கு மேலே தகட்டில் 15 செ.மீ. உண்டு. அது கட்டடத்தில் 11.25 மீட்டரைத்தான் பிடிக்கும், அதாவது தரையிலிருந்து 12.75 மீட்டர் வரை. கோபுரம் 20 மீட்டர் என்றால் தலை போய்விடும். அதேநேரம் கீழ்ப் பாதியில் கேமராவுக்கு 4 மீட்டர் முன்னால் தொடங்கும் தரைதான் கிடக்கும்.

இதிலிருந்து தப்ப மூன்று வழி. லென்ஸ் மாட்டிய முன்பலகையை மேலே ஏற்றலாம். இந்த எடுத்துக்காட்டில் சுமார் 10 செ.மீ. ஏற்ற வேண்டும், எல்லாக் கேமராவும் அவ்வளவு ஏறாது, லென்ஸ் வீசும் ஒளிவட்டமும் அவ்வளவு அகலம் இராது. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் 10 மீட்டர் உயரத்தில் கேமராவை வைத்தால் கோபுரம் முழுக்க அடங்கும். அல்லது 50 மீட்டருக்குப் பின்வாங்கலாம். அப்போதும் படத்தின் கீழ்ப் பாதி தரைதான். ஆக உங்கள் படத்திலுள்ள காலித் தரை இந்த மூன்றாவது வழியின் வாடகை. ஆனால் ஒன்று கவனியுங்கள். பிரின்ட் போட்டபின் கத்தரிக்கோலால் கீழே ஐந்து சென்டிமீட்டரை வெட்டியெறிய அவருக்கு யார் தடை? வெட்டாமல் விட்டது ஒரு முடிவு. அதனால்தான் உங்கள் மூன்றாம் வாதம் பாதி தப்பிக்கும் என்றேன். தரை படத்தில் வந்தது கட்டாயம், பிரின்ட்டில் இருந்தது தேர்வு.

கேமரா எங்கே நின்றது என்பதைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். கோணலாகத் தெரியும் ஒரு சுவரில் கார்னிஸ் (சுவரின் மேலே முன்தள்ளிய விளிம்பு), ஜன்னல் அடிப்படி, அடித்தளப் பட்டிகை போன்ற, உண்மையில் கிடைமட்டமான மூன்று கோடுகளை நீட்டுங்கள். அவை கூடும் இடம் மறையும் புள்ளி. அதன் வழியாகக் கிடைமட்டமாக ஒரு கோடு இழுத்தால் அதுதான் கேமராவின் கண் உயரம். அந்தக் கோடு நிற்கிற ஆளின் தலையை வெட்டினால் எடுத்தவர் தெருவில் நின்றார், முதல் மாடி ஜன்னலை வெட்டினால் மாடியில் நின்றார். முகப்புக்கு நேரெதிரே எடுத்த படத்தில் இது எளிதில் வராது. அப்போது எந்தக் கார்னிஸின் அடிப்பக்கம் தெரிகிறது, எந்த ஜன்னற்படியின் மேற்பக்கம் தெரிகிறது என்று பாருங்கள். இரண்டும் மாறும் உயரமே கண் உயரம். இனி அந்தக் கோடு பிரின்ட்டின் நடுவில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று அளக்கவும். வெகுவாகக் கீழே இருந்தால் லென்ஸ் ஏற்றப்பட்டது அல்லது அடிப்பக்கம் வெட்டப்பட்டது. மேல் மூலைகள் வில்போல் கறுத்திருந்தால் ஏற்றப்பட்டதேதான், ஒளிவட்டத்தின் எல்லை அங்கே தட்டுகிறது. பழைய பாரிஸைப் படமெடுத்த அஜேயின் 18 க்கு 24 செ.மீ. தகடுகளில் இந்த வளைந்த கறுப்பு அடிக்கடி வரும். அவர் அதை மறைக்கவில்லை. பல முன்னோடிகள் மூலைகளை வளைவாக வெட்டி மறைத்தார்கள். மேலே வளைந்த பழைய பிரின்ட்டுகளை அலங்காரம் என்று நினைக்கும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்திலுள்ள தூண்கள் பீப்பாய்போல் வெளியே வளைந்திருந்தால் பழைய ஒற்றைத் தொகுதி நிலக்காட்சி லென்ஸ். 1866-ல் லென்ஸ் தயாரிப்பாளர்களான டால்மேயரும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே கொண்டுவந்த சமச்சீர் லென்ஸ்கள் அந்த வளைவை நீக்கின. நேர்கோடு நேராக இருப்பதை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க வேண்டாம், கட்டடத்தை நடுவில் வைத்திருந்தால் பழைய லென்ஸிலும் வளைவு தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் கட்டடத்தின் விளிம்பைப் படத்தின் விளிம்புக்கு அருகில் கொண்டுபோகத் தயங்கியதற்கு இந்த வளைவும் ஒரு காரணம்.

உண்மையான தேர்வு அதிகம் கிடைப்பது வெயிலின் கோணத்தில். கேமராவை ஒரு மணி நேரம் கழித்து வைப்பதற்கு எந்த ரசாயனமும் தடையில்லை. மேற்கு நோக்கிய முகப்புக்கு முற்பகல் முழுக்க வெயில் கிடையாது. வட அரைக்கோளத்தின் நடுப்பகுதிகளில் நண்பகலில் கதிர் சுவரை உரசிக்கொண்டு போகும். அடுத்த ஒரு மணி நேர அளவில் சுவரோடு பதினைந்து, இருபது பாகை கோணத்தில் பக்கவாட்டாக விழும். பிற்பகல் முதிர முதிர நேராக வந்து அடிக்கும். சுவரிலிருந்து 10 செ.மீ. முன்தள்ளிய ஒரு உதைசுவர் விளிம்பை எடுத்துக்கொள்வோம். கதிர் சுவரோடு 15 பாகை என்றால் அதன் நிழல் 37 செ.மீ. அகலம், 45 பாகை என்றால் 10 செ.மீ., 60 பாகை என்றால் 6 செ.மீ.கூடத் தேறாது. 45 பாகை என்பது கட்டடக் கலைஞர்களின் வரைபட மரபு. இடப்பக்க மேலிருந்து அப்படி ஒளி விழுவதாக வைத்து நிழல் தீட்டினால், நிழலின் அகலமே உறுப்பின் தள்ளலைச் சொல்லிவிடும். ஒரு படத்தில் நிழல் அகலமும் தள்ளலும் ஒத்துப்போனால், எடுத்தவரோ எடுக்கச் சொன்னவரோ அந்த வரைபடக் கண்ணோடு பார்த்திருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் எழுதுங்கள். அந்த ஒரு படத்தால் அதற்குமேல் நிரூபிக்க முடியாது. அதே ஆள் எடுத்த ஐந்து முகப்புகளில் ஐந்தும் அப்படி என்றால் "இருக்கலாம்" என்பதை எடுத்துவிடலாம்.

பூமத்திய ரேகைக்கு அருகே போனால் இந்தக் கணக்கு மாறும். கம்பெனிப் படை அதிகாரியும் ஒளிப்படக்காரருமான லினியஸ் ட்ரைப் 1858-ல் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். கிட்டத்தட்ட 11 பாகை வட அகலாங்கு. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் அங்கே உச்சிக்கு வடக்கே நிற்கும், வடக்குச் சுவரிலும் வெயில் விழும். மற்ற மாதங்களில் நண்பகலில் விழாது. ஆகவே நண்பகலில் வடக்குச் சுவர் வெயிலில் இருக்கும் ஒரு படம் மாதத்தையே ஓரளவு சொல்லிவிடும். நண்பகலில் நிழல் நேர் கீழே ஊற்றுவதால் கபோதக் கொடுங்கைகளின் (சுவருக்கு மேல் வளைந்து முன்தள்ளும் கூரை விளிம்புகளின்) கிடைக்கோடுகள் தடித்துத் தெரியும், தூண்களின் வட்டம் தட்டையாகும். காலையிலோ மாலையிலோ எடுத்தால் இது தலைகீழ்.

வெயிலே இல்லாமல் எடுத்த படத்தைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். ஷார்ல் மார்வீல் 1860-களில் பாரிஸின் குறுகிய பழைய தெருக்களை நகராட்சிக்காக எடுத்தார். அத்தகைய சந்தில் நேர் வெயில் ஒரு பக்கச் சுவரைச் சுட்டெரித்து மறுபக்கத்தை இருட்டில் தள்ளும், தெரு என்ற உருவமே உடையும். மேகம் மூடிய பரவலான ஒளியில் இரு பக்கமும் சமமாகப் படிக்கக் கிடைக்கும். கீழே ஈரமான கல்பாவிய தரை மட்டும் வானத்தை வாங்கி மின்னிக் கண்ணைத் தெருவின் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். இப்படி ஒன்று பல படங்களில் திரும்பத் திரும்ப வந்தால் தற்செயல் என்ற சொல்லுக்கு இடமில்லை. தாள் நெகட்டிவ்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: தாளின் நார் சின்ன விவரங்களை எப்படியும் விழுங்கிவிடும். அதனால் ஒளியும் நிழலும் பெரிய பெரிய திரள்களாகப் பிரியும் வேளையை நாடினார்கள். அவர்களில் ஒருவரான குஸ்தாவ் லெ கிரே இதைக் குறையாகவே பார்க்கவில்லை.

கைவேலையைத் தேடாமல் எந்தப் படத்தையும் முடிக்காதீர்கள். தாள் நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாக வரும். அதை மறைக்க நெகட்டிவின் வானப் பகுதியில் கறுப்பு மை பூசினால் பிரின்ட்டில் வானம் சுத்த வெள்ளையாகும். கூரைக்கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மையின் விளிம்பு கல்லின் விளிம்போடு ஒட்டாமல் மயிரிழை வெள்ளையாகவோ கறுப்பாகவோ விலகும். சிலுவையின் நுனி மழுங்கியிருக்கும், மரக்கிளை பாதியில் நின்றுபோகும். இதைக் கண்டால் உங்கள் வானவாதத்துக்கு உயிர் வந்துவிட்டது: வெள்ளை கட்டாயம், ஆனால் மாசற்ற வெள்ளை அவர் உட்கார்ந்து செய்த வேலை. ட்ரைப் எதிர்த்திசையில் போனார். நெகட்டிவில் தூரிகையால் மேகம் தீட்டினார், இலைகளுக்கு விவரம் சேர்த்தார். மேகம் தெரியும் 1850-களின் கட்டடப் படத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். லெ கிரே 1856, 57-ல் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் வானம் ஒரு நெகட்டிவ், கடல் இன்னொன்று.

இதன் உச்சம் எட்வார் பல்துஸ். பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களுக்கான ஆணையம் 1851-ல் ஐந்து பேரைக் கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பியது: பல்துஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்திரால். அப்போது ஆர்லில் சான் திரோஃபீம் மடாலயத் தாழ்வாரத்தை எடுத்த பல்துஸுக்கு ஒரே எக்ஸ்போஷரில் அருகிலுள்ள தூணும் தொலைவும் கூர்மையாக வரவில்லை, வெளி வெளிச்சமும் உள் இருட்டும் ஒரே நெகட்டிவில் அடங்கவில்லை. பத்து நெகட்டிவ்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி ஒரே காட்சியாக்கினார். அந்தப் படத்தில் "ஒளி எங்கிருந்து வருகிறது" என்று கேட்பதே பொருந்தாது. அங்கே கேட்க வேண்டியது, ஒட்டு எங்கே விழுகிறது என்பது. தூணின் விளிம்பு, வளைவின் கோடு என்று கட்டட உறுப்புகளின் ஓரமாகத்தான் அது ஓடும். கண் அங்கே ஏற்கெனவே ஒரு கோட்டை எதிர்பார்க்கிறது.

உள்ளரங்கப் படங்களுக்கு இந்த நிழல் மங்கல் கணக்கு உதவாது, எக்ஸ்போஷர் மணிக்கணக்கில் போகலாம். கண்ணாடித் தகட்டில் ஜன்னலைச் சுற்றிப் பரவும் வெண்புகை போன்ற ஒளியைத் தெய்வீக ஒளி என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். ஒளி பூச்சைத் தாண்டிக் கண்ணாடியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புவதால் வரும் கோளாறு அது, தகட்டின் முதுகில் கறுப்போ காவியோ பூசிக் குறைத்தார்கள். ஃபிரெடரிக் எவன்ஸ் 1903-ல் வெல்ஸ் தேவாலயப் படிக்கட்டை எடுத்தபோது ஜன்னலைப் படத்துக்குள்ளேயே விடவில்லை. பக்கத்திலிருந்து வரும் ஒளி தேய்ந்த படிகளின் மேல் அலையலையாக விழுவது மட்டும் தெரிகிறது. கோளாறைத் தவிர்த்ததும் காட்சியை அமைத்ததும் அங்கே ஒரே முடிவு. இரண்டையும் பிரிக்க முடியாத இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டுரையைத் திருத்தும்போது வினைச்சொற்களைக் கவனியுங்கள். கண் உயரம், சூரியத் திசை, குறைந்தபட்ச எக்ஸ்போஷர், லென்ஸ் ஏற்றம், மை பூச்சு ஆகியவற்றுக்கு "இருக்கிறது", "நின்றார்", "பூசினார்" என்று நேராக எழுதலாம், அளந்து காட்ட முடியும். வேளையைத் தேர்ந்தார், தரையை விட்டுவைத்தார் என்பவற்றுக்குச் சான்று தேவை. மனநிலை, குறியீடு போன்றவற்றுக்குப் படம் சான்று ஆகாது, எடுத்தவர் எழுதியதோ எடுக்கச் சொன்னவரின் உத்தரவோ வேண்டும்.

தேர்வுக்கு மிக வலுவான சான்று அதே கட்டடத்தின் இரண்டாவது படம். காப்பகத் தேடலில் கட்டடத்தின் பெயரையும் எடுத்தவரின் பெயரையும் சேர்த்துப் போட்டு, தேதி நெருங்கிய இன்னொரு நெகட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இரண்டையும் கண் உயரம் ஒன்றாக வரும்படி அருகருகே வையுங்கள். கேமரா அதே இடத்தில் நிற்க நிழல் மட்டும் நகர்ந்திருந்தால் அவர் வெயிலுக்காகக் காத்திருந்தார். நிழல் அப்படியே இருக்கக் கேமரா நகர்ந்திருந்தால் கோணத்தைத் தேடினார். எது ஆல்பத்தில் ஒட்டப்பட்டது, எது ஒட்டப்படாமல் கிடந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.